கணிப்பொறிக்கு ஒரு துபாஷி



மொழி தெரியாத இருவர் ஒன்றுகூடி ஒரு காரியத்தை முடிக்க வேண்டுமானால், இரு மொழியும் அறிந்த மூன்றாம் ஒருவர் நடுவில் நிற்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் வாணிகம் செய்த நாளில் இப்பணியைச் செய்தவரைத் துபாஷி என்று அழைத்தார்கள். அவர்களுள் புகழ் மிக்கவர் ஆனந்தரங்கப் பிள்ளை. ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக விளங்கிய அவர், 1736ஆம் ஆண்டு தொடங்கித் தாம் மறைந்த 1761ஆம் ஆண்டு வரை தாம் கண்டதையும் கேட்டதையும் நாட்குறிப்பாக எழுதி வைத்தார். துபாஷி மட்டும் இல்லையென்றால் ஆளுநர் ஒருபுறமும் வணிகர் மறுபுறமுமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள் அல்லவா?

நம் வீட்டு மேசைமேல் சாதுவாக அமர்ந்திருக்கும் கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய துபாஷிகள் பலர் உண்டு. அவர்களுக்கு 'டிரைவர்' என்று பெயர். "கம்ப்யூட்டருக்கு எதுக்குடி டிரைவர்? அது என்ன பஸ்ஸா?" என்று என் அம்மா ஒருமுறை கேட்டார். அம்மாவின் கேள்வியில் பொருள் இல்லாமல் இல்லை. இந்த டிரைவர் வண்டி ஓட்டுவதில்லை. அச்சுப்பொறி, ஒலிபெருக்கி, படம் காட்டும் கார்டு ஆகிய ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மொழி வைத்திருக்கிறது. விண்டோஸ் போன்ற இயக்க முறைமை இடும் கட்டளையை அந்தந்தக் கருவியின் மொழியில் எடுத்துச் சொல்லும் மென்பொருளே டிரைவர் என்பது. துபாஷி வராவிட்டால் கருவி ஊமையாகிவிடும். தவறான துபாஷி வந்து சேர்ந்தாலோ, ஊமையாய் இருந்ததே மேல் என்று ஆகிவிடும்!

இந்தத் துபாஷிகளுள் மிகுந்த வேலை உடையவர் யார் தெரியுமா? கிராபிக்ஸ் கார்டின் டிரைவர்தான். நாம் காணும் சாதாரண மானிட்டர் திரையில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் உள்ளன. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். 20,73,600 புள்ளிகள்! திரை ஒரு விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு விநாடியும் 12 கோடியே 44 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு 'நீ சிவப்பு, நீ பச்சை' என்று நிறம் சொல்லியாக வேண்டும். இந்த வேலைக்கென்றே தனிக் கார்டுகள் தோன்றின. 1985இல் கனடாவில் தொடங்கிய ஏடிஐ நிறுவனமும், 1993இல் அமெரிக்காவில் தொடங்கிய என்விடியா நிறுவனமும் இத்துறையில் பெயர் பெற்றவை. ஏடிஐ நிறுவனத்தை 2006இல் ஏஎம்டி வாங்கிவிட்டது. 1999இல் 'ஜீஃபோர்ஸ் 256' என்ற கார்டை வெளியிட்ட என்விடியா, அதை உலகின் முதல் ஜிபியு என்று விளம்பரப்படுத்தியது. அதன் பின்னரே ஜிபியு என்ற சொல் எல்லார் வாயிலும் புழங்கலாயிற்று.

இவ்வளவையும் நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த ஒரு நெருக்கடி எனக்குக் கற்றுக் கொடுத்தது. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

ஒரு திருமணமும் ஒரு கார்டும்

என் அப்பா திண்டுக்கல் கடைத்தெருவில் ஒரு சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கிறார். திருமணங்களுக்குப் படம் எடுப்பதும், அவற்றை ஆல்பமாகவும் வீடியோவாகவும் ஆக்கிக் கொடுப்பதுமே எங்கள் பிழைப்பு. அந்த வேலை முழுவதும் ஒரே ஒரு கணிப்பொறியில் நடக்கிறது. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் அதன் கிராபிக்ஸ் கார்டு பழுதாகித் திரையெங்கும் பச்சைக் கோடுகள் ஓடத் தொடங்கின. ஸ்டூடியோவை மூடிவிட்ட நண்பர் ஒருவரிடமிருந்து அப்பா வேறொரு கம்பெனியின் பழைய கார்டைக் குறைந்த விலைக்கு வாங்கி வந்து ஒரு புதன்கிழமை மாலை மாட்டினார்.

திரையில் படம் வந்தது. ஆனால் எழுத்துகள் எல்லாம் சுவரொட்டி எழுத்துகளைப் போலப் பருத்து மங்கலாய்த் தெரிந்தன. வீடியோ தொகுக்கும் மென்பொருள் திறக்கவே மறுத்தது. அப்பா இணையத்திலிருந்து அந்தக் கம்பெனியின் மிகப் புதிய டிரைவரை இறக்கி நிறுவப் பார்த்தார். பொருத்தமான கார்டு எதுவும் இக்கணிப்பொறியில் காணப்படவில்லை என்ற செய்தியுடன் அது நின்றுவிட்டது.

வியாழக்கிழமை பழுது பார்ப்பவர் ஒருவர் வந்தார். அவரும் அதே டிரைவரை இருமுறை போட்டுப் பார்த்தார். அதே பதில்தான் கிடைத்தது. "கார்டு செத்துப் போச்சு அண்ணே. புதுசு வாங்கிருங்க. பதினாலாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் புறப்பட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒரே நாளில் எட்டுப் பத்து இடம் ஓடுகிறவருக்கு ஓரிடத்தில் உட்கார நேரம் ஏது?

ஆனால் பதினாலாயிரம் ரூபாய்! எங்கள் அக்கா நர்சிங் கல்லூரியில் சேர்வதற்காக அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்து, அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்திருந்த பணத்தில் பெரும் பங்கு அது. மறுபுறம், முன்பணம் வாங்கிய ஒரு திருமண வீடியோவை ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். மணமகன் அன்றிரவு விமானம் ஏறி வளைகுடா நாட்டு வேலைக்குத் திரும்புகிறார். மனைவியை உடனே அழைத்துச் செல்ல முடியாதவர், கையில் அந்த வீடியோவையாவது கொண்டு போக ஆசைப்பட்டார். அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை. அக்காவோ, "அடுத்த வருஷம் சேந்துக்கிறேன்பா" என்று மெல்லச் சொன்னாள். அந்தச் சொல்தான் என்னை உறங்கவிடவில்லை.

எங்கிருந்து வந்தது படம்?

படுத்துக்கொண்டே யோசித்தேன். கார்டு இறந்துவிட்டது என்றால் திரையில் படம் எப்படி வந்தது? விடியற்காலையில் அப்பாவுடன் ஸ்டூடியோவுக்குப் போனேன். முதலில் மானிட்டரின் கேபிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பார்த்தேன். சில கணிப்பொறிகளில் தாய்ப்பலகையிலும் படம் வரும் துளை இருக்கும். கேபிள் அதில் இருந்தால் கார்டுக்கும் படத்துக்கும் தொடர்பே இல்லை. எங்கள் கேபிள் கார்டில்தான் இருந்தது. ஆகவே கார்டுக்கு உயிர் இருக்கிறது!

அடுத்து, கணிப்பொறியை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். கையில் உள்ள நிலைமின்சாரம் உள்ளிருக்கும் பாகங்களைக் கெடுக்கக் கூடும் என்பதால் பெட்டியின் இரும்பை முதலில் தொட்டுக்கொண்டோம். கார்டு தன் துளையில் இறுக்கமாக அமர்ந்திருந்தது. தாய்ப்பலகையின் துளை ஒரு கார்டுக்கு அதிக அளவாக 75 வாட் மின்சாரமே தரும். அதற்கு மேல் வேண்டும் கார்டுகளுக்குத் தனி மின்கம்பி உண்டு. ஆறு முனைக் கம்பி இன்னொரு 75 வாட்டும், எட்டு முனைக் கம்பி 150 வாட்டும் தரவல்லவை. எங்கள் கார்டின் ஆறு முனைக் கம்பியும் சரியாகவே இருந்தது. தூசியைத் துடைத்துவிட்டு மீண்டும் மூடினோம்.

உடலில் குறையில்லை என்று கண்டபின் துபாஷியின் பக்கம் திரும்பினேன். விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' என்று ஒரு பகுதி உண்டு. கணிப்பொறியில் உள்ள கருவிகளின் வருகைப் பதிவேடு அது என்று சொல்லலாம். கார்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருந்தது. அதாவது, உரிய துபாஷி வராத நாளில் ஓரளவு சமாளிக்க விண்டோஸ் தன்னிடமே வைத்திருக்கும் பொதுத் துபாஷி. அவருக்கு நாலைந்து சொற்களே தெரியும். ஆகவேதான் எங்கள் திரை 1920க்கு 1080 என்று இராமல் 1024க்கு 768 என்று சுருங்கி நின்றது. கணக்குப் போட்டால் 7,86,432 புள்ளிகள். இருக்க வேண்டியதில் ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை!

அந்தப் பெயரின்மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்', 'டீட்டெயில்ஸ்' என்று போனால் 'ஹார்ட்வேர் ஐடி' என்ற ஓர் எண் கிடைக்கும். இதுவே கார்டின் பிறப்புச் சான்றிதழ். முதற்பகுதி செய்த நிறுவனத்தைக் காட்டும். 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி, 8086 என்றால் இன்டெல். (1978இல் வெளிவந்த இன்டெல்லின் புகழ் பெற்ற செயலி 8086. தன் குழந்தையின் பெயரையே தனக்கும் இலக்கமாக்கிக்கொண்டது அந்நிறுவனம்!) இரண்டாம் பகுதி கார்டின் வகையைக் காட்டும். பெட்டியின் மேல் எழுதியிருப்பது தவறாகலாம், விற்றவர் சொன்னதும் தவறாகலாம். இந்த எண்ணையே நம்ப வேண்டும்.

எண்ணை வைத்துத் தேடியபோது உண்மை விளங்கிற்று. அந்தக் கார்டு பத்தாண்டுக்கு மேற்பட்ட வயதுடையது. கம்பெனியின் மிகப் புதிய டிரைவர் எந்தெந்தக் கார்டுகளுக்கு உரியது என்ற பட்டியலில் அதன் பெயரே இல்லை! எல்லா நிறுவனங்களும் ஒரு காலத்துக்குப் பின் பழைய கார்டுகளைத் தம் புதிய டிரைவரிலிருந்து நீக்கிவிடுகின்றன. எடுத்துக்காட்டாக, 2012 முதல் வெளிவந்த 'கெப்லர்' தலைமுறைக் கார்டுகளுக்கு, 2021இல் வந்த 470 என்னும் வரிசையே என்விடியாவின் இறுதி வரிசை. அதற்குப் பின் வந்த வரிசைகளுக்கு அக்கார்டுகளின் மொழி தெரியாது. பொருத்தமான கார்டு இல்லை என்று எங்களுக்கு வந்த செய்தியின் பொருளும் இதுதான். கார்டு இறந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. எனக்கு இந்தக் கார்டைத் தெரியாது என்றுதான் சொல்லிற்று.

குடியை விட்டுப் போகாத பழைய துபாஷி

கம்பெனியின் தளத்திலேயே கார்டின் பெயரையும், எங்கள் விண்டோஸ் 64 பிட் வகை என்பதையும் தேர்ந்தெடுத்து, அதற்குரிய கடைசி டிரைவரைக் கண்டுபிடித்தேன். அறுநூறு எம்.பி.க்கு மேல் இருந்தது. அப்பாவின் கைப்பேசியில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி.தான். மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இறக்கி முடிக்கப் பகல் ஆயிற்று. ஆவலோடு நிறுவத் தொடங்கினோம். பாதி வழியில் 'தோல்வி' என்று நின்றது. அப்பாவின் முகம் மீண்டும் வாடியது. "விடும்மா, நீ எவ்வளவோ பாத்துட்ட" என்றார்.

"இப்ப வந்தது வேற செய்திப்பா. முன்னாடி கார்டையே தெரியலன்னுச்சு. இப்ப தெரிஞ்சுக்கிடுச்சு. நடுவுல வேற எதுவோ தடுக்குது" என்றேன்.

பழைய கார்டைக் கழற்றிவிட்டோம். ஆனால் வேறு கம்பெனியைச் சேர்ந்த அதன் டிரைவர் இன்னும் உள்ளேயே குடியிருந்தது! வீட்டைக் காலி செய்தவர் சாமான்களை விட்டுப் போனால் புதிதாக வருபவர் எங்கே படுப்பார்? வழக்கமான முறையில் நீக்கினாலும் சில கோப்புகள் தங்கிவிடும். அவற்றைத் துப்புரவாகக் கூட்டித் தள்ளுவதற்கு 'டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது.

அதைப் பயன்படுத்தும் முன் இரண்டு காரியங்கள் செய்தோம். முதலில், திருமணப் படங்கள் அனைத்தையும் தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்தோம். கார்டு போனால் வாங்கலாம். தாலி கட்டிய நொடி போனால் யார் தருவார்? அடுத்து, நிலைமை மோசமானால் பழையபடி திரும்பிவர ஒரு 'ரீஸ்டோர் பாயின்ட்' ஏற்படுத்தினோம். பிறகு 'ஷிஃப்ட்' விசையை அழுத்திக்கொண்டே 'ரீஸ்டார்ட்' கொடுத்து 'சேஃப் மோட்' என்னும் எளிய நிலைக்குப் போனோம். அந்நிலையில் மிக அவசியமானவை மட்டுமே இயங்கும். இணையத் தொடர்பையும் துண்டித்தோம். இல்லையேல் நாம் துடைத்துக்கொண்டிருக்கும்போதே விண்டோஸ் தானாக ஒரு டிரைவரைத் தேடிக் கொண்டுவந்து போட்டுவிடக் கூடும். வெள்ளி இரவு பதினொரு மணிக்குப் பழைய குடி முற்றிலும் காலியாயிற்று.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை மாதாந்திர மின்தடை என்று நாளிதழில் போட்டிருந்தார்கள். எங்கள் யுபிஎஸ் இருபது நிமிடம்கூடத் தாங்காது. டிரைவர் நிறுவும் நடுவில் மின்சாரம் போனால் பட்ட பாடெல்லாம் வீண். ஆகவே ஏழு மணிக்கே தொடங்கினோம். நிறுவும்போது திரை திடீரென்று இருண்டது. அப்பா பதறி சுவிட்சின்மேல் கை வைத்துவிட்டார். "அப்பா, கை வைக்காதீங்க! துபாஷி மாறுற நேரம், கொஞ்சம் பேச்சு நிக்கும்" என்றேன். சில விநாடிகள்தாம். அவை எங்களுக்குச் சில மணிகளாகத் தோன்றின. திரை மீண்டும் ஒளிர்ந்தது. எழுத்துகள் ஊசி முனைபோலக் கூர்மையாக நின்றன. டிவைஸ் மேனேஜரில் கார்டின் சொந்தப் பெயர் இருந்தது!

மணி எட்டு கூட ஆகவில்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. மணமகள் முகம் திரை நிறையத் தெரியும் ஒரு படத்தைத் திறந்து, நெற்றிச் சுட்டியின் ஒவ்வொரு கல்லையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மின்தடை நீங்கிய பின் இரவு முழுவதும் வேலை செய்து, ஞாயிறு காலை பத்து மணிக்கு வீடியோவைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அலமாரியில் இருந்த பணம் அக்காவின் கல்லூரிக்கே போய்ச் சேர்ந்தது.

குறிப்பேட்டின் பயன்

அந்த இரண்டு நாளும் நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வந்தேன். எந்த மணிக்கு என்ன செய்தோம், என்ன செய்தி வந்தது, எதை மாற்றினோம் என்று வரிசையாக எழுதினேன். பின்னர் படித்தறிந்தவற்றையும் அதில் சேர்த்திருக்கிறேன். தோழியருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் சிலவற்றை இங்கே தருகிறேன்.

டிவைஸ் மேனேஜர் பழுதைச் சொல்லும்போது ஓர் எண்ணும் தரும். 28 என்றால் டிரைவர் இன்னும் நிறுவப்படவில்லை. 31 என்றால் டிரைவரை ஏற்ற இயலவில்லை. 52 என்றால் டிரைவரின் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை. ஆகவே அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 43 என்றால் கருவியே தனக்குக் கோளாறு என்று தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. இதற்கு டிரைவரும் காரணமாகலாம், கார்டும் காரணமாகலாம்.

வேலை நடுவே திரை கணநேரம் இருண்டு, டிரைவர் நின்று மீண்டது என்ற செய்தி வருவதுண்டு. கார்டு இரண்டு விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பும் முறை அது. அடிக்கடி வந்தால் தூசி, சூடு, மின்சாரக் குறைவு ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

புதிய டிரைவர் போட்டபின் தொல்லை தொடங்கினால், அதே இடத்தில் உள்ள 'ரோல்பேக்' பொத்தானால் முந்தையதற்குத் திரும்பலாம். டிரைவரைக் கார்டு செய்த கம்பெனியின் தளத்திலிருந்தோ, கணிப்பொறி செய்த கம்பெனியின் தளத்திலிருந்தோ மட்டுமே இறக்குங்கள். எல்லா டிரைவர்களையும் ஒரே நொடியில் புதுப்பித்துத் தருவோம் என்று கூவி அழைக்கும் விளம்பரங்களை நம்பாதீர்கள். வீட்டுக்குள் யாரை விடுகிறோம் என்று பார்த்து விடுவது நம் வழக்கமல்லவா?

யாவற்றுக்கும் மேலாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒருசேர மாற்றினால் எதனால் சரியாயிற்று என்றும் தெரியாது, எதனால் கெட்டது என்றும் தெரியாது. செய்தி மாறுகிறதா என்று கூர்ந்து கவனியுங்கள். தோல்விச் செய்தி மாறினாலே நாம் நின்ற இடத்தில் நிற்கவில்லை என்று பொருள்.

சில வாரங்களுக்குப் பின் அந்தப் பழுது பார்ப்பவர் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தார். ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்துப் புரட்டினார். "இதைப் போட்டோ எடுத்துக்கட்டுமா பாப்பா? இதே மாதிரி ரெண்டு கார்டை வேண்டாம்னு ஓரமா வச்சிருக்கேன்" என்று கேட்டார். அவற்றுள் ஒன்று இப்போது ஒரு டைப்பிங் சென்டரில் நன்றாக ஓடுவதாகக் கேள்விப்பட்டேன்.

தோழியரே! இயந்திரம் என்றவுடன் நம்மில் பலர் அண்ணனையோ தம்பியையோ கூப்பிடுகிறோம். அது நமக்கு எட்டாத வித்தை அன்று. கோலத்தில் ஒரு புள்ளி தவறினால் எந்த இழையில் தவறிற்று என்று கண்டுபிடிக்கத் தெரிந்த நமக்கு இதுவும் கைகூடும். 'வேலை செய்யவில்லை' என்ற சொல்லோடு நின்றுவிடாமல், 'எதுவரை வேலை செய்கிறது?' என்று கேட்கப் பழகுவோம். உயிருள்ளதைச் செத்ததென்று தூக்கி எறியும் முன், அதன் மொழி அறிந்த துபாஷி ஒருவர் எங்கேனும் இருக்கிறாரா என்று ஒருமுறை தேடிப் பார்ப்போமாக!